காப்பக அட்டையில் ஒரு வரி

செல்லப்பிராணி கேள்வி - பதில்
(28 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: டாக்டர் அம்மா, 8 மாதத்துக்கு முன்பு ஒரு காப்பகத்திலிருந்து பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். வயது நான்கு இருக்கும் என்றார்கள். செவலை என்று பெயர் வைத்தோம். வந்த மூன்றாவது வாரமே காப்பீடு எடுத்துவிட்டேன். போன மாதம் ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். முழங்காலில் க்ரூசியேட் லிகமென்ட் (மூட்டை ஆடாமல் பிடித்து வைத்திருக்கும் நார்) அறுந்திருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். க்ளெய்ம் போட்டோம். 'முன்பே இருந்த நோய்' என்று நிராகரித்துவிட்டார்கள். காரணம், அவள் காப்பகத்துக்கு வந்த அன்று அட்டையில் யாரோ எழுதிய வரி: 'இடது பின்னங்கால் லேசாக நொண்டுகிறது. காதில் அழுக்கு. சொறிந்துகொள்கிறது.' அறுந்தது வலது கால், அட்டையில் இருப்பது இடது கால். அதோடு, இனிமேல் பின்னங்கால்கள், தோல், காது மூன்றுக்குமே காப்பீடு கிடையாது என்றும் எழுதிவிட்டார்கள். இதை எதிர்த்துக் கேட்க முடியுமா? நாங்கள் எதையும் மறைக்கவில்லை.

- வாசகி

பதில்: முடியும், கேளுங்கள். ஆனால் கோபத்தோடு ஒரு மின்னஞ்சல் தட்டுவதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்கி, காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சண்டை காகிதத்தில்தான் நடக்கும். காப்பீட்டு நிறுவனத்தில் கோப்பைப் புரட்டுகிறவர் செவலையைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அட்டையின் ஒரு வரிதான்.

அந்த வரியைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு. நானும் அப்படி ஒரு வரி எழுதியவள். பல வருடத்துக்கு முன்பு, கூட்டம் நெரிந்த ஒரு மாலையில், புதிதாகத் தத்தெடுத்த நாய் ஒன்றை ஒரு குடும்பம் கொண்டுவந்தது. வால் அடியில் முடி கொட்டியிருந்தது. தெள்ளுப்பூச்சிக் கடி. மருந்து கொடுத்தேன், இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அன்று குறிப்பில் 'தோல் ஒவ்வாமை?' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து அந்த நாய்க்கு உண்மையிலேயே ஒவ்வாமைத் தோல் நோய் வந்தபோது, நிறுவனம் என்னுடைய அந்தக் கேள்விக்குறியைக் காட்டி க்ளெய்மை மறுத்தது. நான் சந்தேகமாக எழுதியதை அவர்கள் நோயாகப் படித்துவிட்டார்கள். அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்து அந்தத் தாளை நீட்டியது இன்னும் மறக்கவில்லை. அன்றே உட்கார்ந்து, அன்றைக்கு நான் பார்த்தது என்ன, அது எதனால், எப்போது குணமானது என்று தேதியோடு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முடிவை மாற்றிக்கொண்டார்கள். ஆகவே உங்களுக்கும் முதலில் சொல்வது இதுதான்: அந்த வரியை எழுதியவர் யார் என்று கண்டுபிடியுங்கள்.

காப்பகத்தில் நாயை உள்ளே எடுக்கும்போது அட்டை எழுதுவது பெரும்பாலும் தன்னார்வலராகவே இருப்பார். நல்ல மனது, ஆனால் மருத்துவப் பயிற்சி இருக்காது. அவர் எழுதியது கண்ணில் பட்ட ஒரு அறிகுறி மட்டுமே. தெருவிலிருந்து வரும் நாய் நொண்டுவதற்கு நூறு காரணம் உண்டு. பாதத்தில் முள், உடைந்த நகம், விரலிடுக்கில் உண்ணி, கண்ணாடி கீறிய காயம். அன்று அந்தக் காலில் வேறு ஏதாவது இருந்ததா, மருந்து போட்டார்களா, எத்தனை நாளில் நடை சரியானது என்று காப்பகத்தைக் கேளுங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது போதாது. தினக் குறிப்பு, தடுப்பூசி போட்ட அன்றைய பரிசோதனை, முக்கியமாகக் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக் குறிப்பு, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் எந்த மருத்துவரும் நாயை முழுதாகப் பார்ப்பார். அதில் 'நடை சீராக உள்ளது' என்ற சொற்கள் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தத்தெடுத்த நாட்களில் நீங்கள் எடுத்த வீடியோக்களையும் தேடுங்கள். காப்பீடு தொடங்கிய தேதிக்கு முன்பு அவள் நான்கு காலும் ஊன்றி ஓடும் வீடியோ ஒன்று கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்: எந்த விதியின்படி மறுத்தீர்கள், எந்தத் தேதியிட்ட எந்தக் குறிப்பை ஆதாரமாக வைத்தீர்கள், உங்கள் மருத்துவர் எழுதிய கருத்து என்ன, கோப்பின் நகலைத் தாருங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம். பேசியே ஆகவேண்டி வந்தால், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

பாலிசியில் 'முன்பே இருந்த நோய்' என்பதற்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பாலிசி தொடங்கும் முன்போ காத்திருப்புக் காலத்திலோ (பாலிசி எடுத்தும் பணம் கேட்க முடியாத ஆரம்ப நாட்கள்) அறிகுறி தெரிந்திருந்தால் போதும் என்று இருக்கும். அதனால், 'அப்போது யாரும் லிகமென்ட் நோய் என்று சொல்லவில்லையே' என்று வாதாடினால் எடுபடாது. அந்த அறிகுறி இந்த நோயுடையதுதானா என்பதுதான் கேள்வி. அதில்தான் நீங்கள் பிடித்து நிற்க வேண்டும்.

வலது கால் அறுந்ததற்கு இடது காலை ஏன் காட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பாலிசியில் 'இருபக்க விதி' இருக்கும். முழங்கால், இடுப்பு மாதிரி ஜோடியாக உள்ள உறுப்பில் ஒரு பக்கம் முன்பே கெட்டிருந்தால், மறுபக்கத்துக்கும் பணம் கிடையாது என்பது அது. இதில் அநியாயம் மட்டுமே இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கால்பந்து ஆடுகிறவருக்கு ஒரே திருகலில் லிகமென்ட் அறுவது போல நாய்களுக்குப் பெரும்பாலும் நடப்பதில்லை. அந்த நார் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒருநாள் சாதாரண ஓட்டத்தில் அறுகிறது. ஒரு காலில் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறுகாலிலும் பின்னால் அறுகிறது. ஆகவே விதிக்கு ஒரு காரணம் உண்டு. ஆனால் அந்த விதி நிற்பதற்கு, இடது முழங்கால் முன்பே கெட்டிருந்தாக வேண்டும் அல்லவா? அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

வலது காலுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது எப்படியும் மயக்கத்தில்தான் இருப்பாள். அப்போதே இடது முழங்காலுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கூடவே ட்ராயர் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள். தொடை எலும்பை ஒரு கையிலும் கீழ்க்கால் எலும்பை இன்னொரு கையிலும் பிடித்து, மேசை டிராயர் மாதிரி முன்னால் நகர்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. லிகமென்ட் கெட்டு மூட்டு ஆட ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே ஓரங்களில் எலும்பு முளை விட ஆரம்பிக்கும், மூட்டுக்குள் நீர் கோர்க்கும். காப்பகத்துக்கு வந்த அன்றே இடது லிகமென்ட் கெட்டிருந்தால், இத்தனை மாதம் கழித்து எக்ஸ்ரே சுத்தமாக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. எக்ஸ்ரே சுத்தம், மூட்டு உறுதி, தொடைத் தசை இரண்டு பக்கமும் அளந்தால் இடதில் மெலிவு இல்லை என்று மருத்துவர் எழுதித் தந்துவிட்டால், இருபக்க விதிக்குக் காலூன்ற இடமில்லை.

வலது முழங்கால் எக்ஸ்ரேயில் எலும்பு முளை தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'பார், பழைய நோய்' என்பார்கள். முளை விடச் சில வாரம் போதும் என்பதால், பாலிசி தொடங்கி ஏழு மாதத்துக்கு மேல் ஆன பிறகு தெரியும் முளை எதையும் நிரூபிக்காது. இதையும் மருத்துவர் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இடது முழங்காலில் முளையும் நீரும் இருந்து மூட்டும் ஆடினால், நிறுவனம் சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்போது இந்த க்ளெய்முக்காக உங்கள் தெம்பைச் செலவழிக்காதீர்கள். அந்தத் தெம்பு அவள் காலுக்கு வேண்டும்.

மருத்துவர் கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். 'தொடர்பு இல்லாமலும் இருக்கலாம்' என்று மழுப்பலாக எழுதினால் பயனில்லை. அவருக்கு நேரம் இருக்காது. அதனால் நீங்களே கேள்விகளாக எழுதிக்கொண்டு போங்கள். அன்றைய குறிப்பில் இருப்பது என்ன, அதற்கு நோய்ப்பெயர் எழுதப்பட்டதா? இன்றைய நோய் எது, எப்போது தொடங்கியிருக்கக்கூடும்? இரண்டுக்கும் தொடர்பு உண்டா, எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்? இவற்றுக்கு நேரடியான பதில், தேதி, கையெழுத்து. ஒரு பக்கம் போதும்.

உங்கள் மேல்முறையீட்டுக் கடிதமும் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படித் தொடங்கலாம்:

'தாங்கள் இன்ன தேதியில் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை ஏற்க இயலவில்லை. தாங்கள் ஆதாரமாகக் காட்டும் குறிப்பு மருத்துவர் அல்லாத ஒருவர் எழுதியது. அது இடது பின்னங்காலில் தெரிந்த லேசான நொண்டலைக் குறிக்கிறது. அதன்பின் இன்ன தேதியில் மருத்துவர் பரிசோதித்தபோது நடை சீராக இருந்தது (இணைப்பு 1). இன்ன தேதியில் எடுத்த எக்ஸ்ரேயின்படி இடது முழங்காலில் நோய் இல்லை (இணைப்பு 2). ஆகவே அந்தக் குறிப்புக்கும் தற்போதைய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று தாங்கள் கருதினால், அதற்கான மருத்துவ ஆதாரத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காப்பீட்டில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட நியதி ஒன்று உண்டு. நஷ்டம் நேர்ந்ததைக் காட்ட வேண்டியது நாம், விலக்கு (இதற்குப் பணம் கிடையாது என்ற விதி) பொருந்துகிறது என்று காட்ட வேண்டியது நிறுவனம். அமெரிக்காவில் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் கூட்டமைப்பு 2022-ல் ஏற்ற செல்லப்பிராணிக் காப்பீட்டு மாதிரிச் சட்டம், முன்பே இருந்த நோய் என்ற விலக்கை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அறிகுறியும் க்ளெய்ம் செய்த நோயோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டம் வேறாக இருந்தாலும், இந்தக் கேள்வியை எங்கேயும் கேட்கலாம். பாலிசியின் சொற்கள் இரண்டு பொருள் தருமானால், எழுதியவருக்குப் பாதகமான பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் பல நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றும் விதிதான்.

அதற்கும் 'இல்லை' என்றால், 'இதுவே இறுதி முடிவு' என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ ஒழுங்குமுறை ஆணையத்திடமோ போக அந்தக் கடிதம் தேவைப்படும். அங்கே போகக் காலக்கெடு உண்டு. கடிதம் கைக்கு வந்த அன்றே அதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். இதற்கிடையில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆடும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்துவிடலாம். தவணை வசதி உண்டா என்று மருத்துவமனையில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் அந்த மூன்று விலக்குகள். 'தோல்', 'காது', 'பின்னங்கால்கள்' என்று உறுப்பையே விலக்கியிருப்பதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. காதில் அழுக்கு என்பது அழுக்கு, அவ்வளவுதான். சொறிந்துகொண்டதற்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டு நின்றுவிட்டதென்றால், அந்த மருந்துக் குறிப்பைக் காட்டி விலக்கை நீக்கச் சொல்லுங்கள். முழுக்க நீக்க மறுத்தால், 'தெள்ளுப்பூச்சியால் வரும் தோல் அழற்சி' என்று குறுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அவள் தோலில் ஒரு கட்டி வந்தால் அதற்கும் இந்த விலக்கைக் காட்டாமல் இருக்க இதுதான் வழி. பல பாலிசிகளில் குணமாகக்கூடிய நோய்க்கு ஒரு காலவரை உண்டு. சிலவற்றில் 180 நாள், சிலவற்றில் 12 மாதம் அறிகுறி இல்லாமல் இருந்தால் விலக்கை எடுத்துவிடுவார்கள். முழங்காலுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது, காதுக்கும் தோலுக்கும் கிடைக்கும். தானாக யாரும் எடுக்க மாட்டார்கள். புதுப்பிக்கும் மாதத்தில் ஒரு பரிசோதனை செய்து, 'இரண்டு காதும் சுத்தம், தோலில் புண் இல்லை' என்று எழுதி வாங்கி, நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

செவலை நன்றாக நடக்க ஆரம்பித்ததும் எழுதுங்கள் அம்மா. காத்திருப்பேன்.

கேள்வி: மீட்கப்பட்ட நாய் என்று சொன்னாலே பழைய நோய் என்று விலக்குகிறார்கள். காப்பகக் குறிப்பைத் தராமல் விட்டுவிடலாமா? அல்லது குறிப்பில் இருப்பதை மருத்துவரிடம் சொல்லி மாற்றி எழுதச் சொல்லலாமா?

- ஒரு வாசகர்

பதில்: இரண்டும் கூடாது. மறைத்தது தெரிந்தால் அந்த க்ளெய்மை மட்டும் மறுத்து நிற்க மாட்டார்கள், பாலிசியையே செல்லாததாக்கிவிடலாம். தெரியாமலும் போகாது. நாயின் தோலுக்கடியில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணை யார் எப்போது பதிவு செய்தார்கள் என்பதும், தடுப்பூசிப் புத்தகத்தின் தேதிகளும் காப்பகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவரிடம் பழைய குறிப்பைத் திருத்தச் சொல்வது அவருடைய தொழிலையே பணயம் வைக்கச் சொல்வது. ஆனால் பழைய குறிப்பு அப்படியே இருக்க, இன்றைய தேதியிட்டு அதற்குக் கீழே ஒரு விளக்கம் சேர்க்கச் சொல்லலாம். அது முறையானது. நான் செய்ததும் அதுதான்.

கேள்வி: எங்கள் நாய் தத்துக்கு வந்து இரண்டு மாதம். பாலிசிக்கு 40 நாள் வயது. இருமல் இருக்கிறதே என்று ரத்தப் பரிசோதனை செய்ததில் இதயப்புழு என்று வந்தது. முன்பே இருந்த நோய் என்று மறுத்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது அவனுக்கு ஒரு அறிகுறியும் இல்லை. மேல்முறையீடு செய்யலாமா?

- வாசகர்

பதில்: இந்த க்ளெய்முக்காக வேண்டாம். சொல்லவே வருத்தமாகத்தான் இருக்கிறது. கொசு கடித்து உள்ளே போன புழு வளர்ந்து, பரிசோதனையில் தெரியும் அளவுக்கு வர குறைந்தது 5 மாதம் ஆகும். 40 நாளில் வர வழியே இல்லை. அந்தப் புழு உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவனுக்குள் இருந்தது. உங்கள் பாலிசியின் விளக்கத்தை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். 'அறிகுறி தெரிந்திருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்து, தத்தெடுக்கும்போது செய்த பரிசோதனையில் இருமல் இல்லை என்று பதிவும் இருந்தால், ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். ஆனால் அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்திவைக்காதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. விலக்குக் கடிதத்தில் 'இதயமும் நுரையீரலும்' என்று இருக்கிறதா, 'இதயப்புழு' என்று இருக்கிறதா? முதலாவதாக இருந்தால் குறுக்கச் சொல்லி இன்றே எழுதுங்கள். சிகிச்சையின் கடைசி ஊசி போட்டு 9 மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்வார்கள். புழு இல்லை என்று வந்தால் அந்த அறிக்கையோடு விலக்கை நீக்கக் கேளுங்கள். சிகிச்சை நடக்கும்போதும், அதன்பின் மருத்துவர் சொல்லும் வரையும் அவனை ஓடவிடாதீர்கள். சாகும் புழுக்களின் துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும், ஓடினால் ஆபத்து அதிகம்.

கேள்வி: அடுத்த வாரம் காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கூட்டி வரப்போகிறோம். இந்த மாதிரிச் சிக்கல் வராமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்யலாம்?

- வாசகி

பதில்: முழுக்கத் தவிர்க்க முடியாது. குறைக்கலாம். கூட்டி வரும் நாளிலேயே முழுக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், எழுதியவர் அங்கே இருக்க மாட்டார். முதல் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் மூக்கிலிருந்து வால் வரை ஒரு பரிசோதனை செய்யுங்கள். அதில் குறைகளை மட்டும் எழுதாமல், நன்றாக இருப்பதையும் எழுதச் சொல்லுங்கள். 'இதயத்துடிப்பில் மாறான ஒலி இல்லை, நான்கு காலும் சீர், இரண்டு முழங்காலும் உறுதி, காது சுத்தம்' என்று. 'ஆரோக்கியமாக உள்ளது' என்ற ஒரு வரி பிற்காலத்தில் எதற்கும் உதவாது. ஏதாவது குறை தெரிந்தால், காரணத்தைத் தெரிந்துகொள்ளும் வரை மருத்துவர் விடக்கூடாது. பெயரில்லாத 'அரிப்பு', பெயரில்லாத 'நொண்டல்' இரண்டும்தான் பின்னால் தொல்லை தருபவை.

பாலிசியை வந்த முதல் நாட்களிலேயே எடுங்கள். நோய்களுக்குப் பெரும்பாலும் 14 நாள் காத்திருப்பு உண்டு. முழங்காலுக்கும் இடுப்புக்கும் சில பாலிசிகளில் 6 மாதம் வரை போகும். மருத்துவர் பரிசோதனைப் படிவம் அனுப்பினால் அதைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். எடுத்த கையோடு எல்லாக் குறிப்புகளையும் அனுப்பி, 'இவற்றில் எதையெல்லாம் விலக்குவீர்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள். பல பாலிசிகளில் பிடிக்காவிட்டால் ஆரம்ப நாட்களில் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த நாட்களுக்குள் பதில் வந்துவிட்டால், தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

ஒருமுறை எடுத்த பிறகு, பிரீமியம் கொஞ்சம் குறைகிறது என்பதற்காக வேறு நிறுவனத்துக்கு மாறாதீர்கள். இங்கே காப்பீட்டுக் காலத்தில் வந்த நோய் எல்லாம் அங்கே 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். புதிதாக வருகிறவனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதுங்கள், பாலிசியிலும் மருத்துவர் குறிப்பிலும் அதே பெயர், அதே மைக்ரோசிப் எண் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு.